செல்லோவுக்கு ஓர் அறை வேண்டும்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழா உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அம்மையார் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பல்கலைக்கழக மாணவர் நலத்துறையிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெருமகனார் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்த பேராசிரியர் ஐயா அவர்களே, காலையிலிருந்து சமையல் பொறுப்பைத் தாங்கிநிற்கும் அன்பர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் என் வணக்கம். சால்வை அணிவித்த பொருளாளர் அவர்களுக்குத் தனி நன்றி.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். இந்த மேடையில் ஒவ்வோர் ஆண்டும் இதைச் சொல்கிறேன், இன்றும் சொல்வேன்.

இசையைப் பட்டப்படிப்பாக எடுக்காத மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகத்தில் ஒரு செல்லோ குழு வேண்டும். செல்லோ என்றால், உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே வைத்து வில்லால் வாசிக்கும் பெரிய வயலின் போன்ற கருவி. இதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். செல்லோ மட்டுமே கூடி எப்படி முழு இசையாகிறது, படிப்புச் சுமைக்கு நடுவே பிள்ளை அதை எப்படி இழக்கிறது, நாம் கேட்க வேண்டியது என்ன.

செல்லோவுக்கு நான்கே தந்திகள். ஆனால் அடித்தளமான கனத்த ஒலியும் அதில் உண்டு, உச்சத்தில் பாடும் பெண்குரலும் உண்டு. அதனால்தான் ஜெர்மனியின் செல்லோக் கலைஞர் ஜூலியஸ் கிளெங்கல் 1920இல் பன்னிரண்டு செல்லோக்களுக்கு மட்டும் ஒரு துதிப்பாடல் எழுத முடிந்தது. பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் பன்னிரண்டு செல்லோக் கலைஞர்கள் 1972இல் அதைப் பதிவுசெய்வதற்காகத்தான் ஒன்றுகூடினார்கள். அன்று பிறந்த குழு இன்றும் மேடையேறுகிறது. மாணவர் குழுவிலும் இப்படித்தான். கைதேர்ந்த மாணவர் மேலே மெட்டை எடுத்துக்கொள்வார். ஈராண்டுப் பயிற்சி மட்டுமே உள்ளவர் கீழே நீண்ட சுரங்களைப் பிடித்து நிற்பார். இருவருக்கும் ஒரே வரிசையில் நாற்காலி கிடைக்கும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 'லோ ஸ்ட்ரங்' என்று ஒரு குழு இருக்கிறது. எல்லாரும் இளங்கலை மாணவர்கள். கையில் செல்லோ மட்டும். வாசிப்பதோ ராக் பாட்டு! உலகப் புகழ்பெற்ற செல்லோக் கலைஞர் யோ-யோ மாவே ஜூலியார்டு இசைப்பள்ளியில் பயின்றபின் ஹார்வர்டுக்குப் போய் மானுடவியல் படித்து 1976இல் பட்டம் பெற்றவர்தானே?

அவர் கதை ஒன்று சொல்ல வேண்டும். 1999 அக்டோபர். முதல்நாள் இரவு கார்னெகி ஹாலில் கச்சேரி. களைப்பு. மறுநாள் நியூயார்க்கில் டாக்சி பிடிக்கிறார். செல்லோவை டிக்கியில் வைக்கிறார். சாதாரண செல்லோவா? 1733இல் வெனிஸில் டொமெனிகோ மொன்டாக்னானா செய்தது. விலை இருபத்தைந்து லட்சம் டாலர்! விடுதி வாசலில் இறங்குகிறார், காசு கொடுக்கிறார், ரசீது வாங்குகிறார், உள்ளே போகிறார். டாக்சி போய்விட்டது. டிக்கியில் செல்லோ! அன்று மாலையே புரூக்ளினில் கச்சேரி. என்ன பாடுபட்டிருப்பார்? ஆனால் கையில் அந்த ரசீது இருந்ததே, அதுதான் காப்பாற்றியது. காவல்துறை அதை வைத்துத் தேடி, குவீன்ஸ் பகுதியில் ஒரு டாக்சி நிறுத்துமிடத்தில் வண்டியைக் கண்டுபிடித்தது. டிக்கியைத் திறந்தால் செல்லோ பத்திரமாக இருக்கிறது! அன்று மாலைக் கச்சேரியும் நடந்தது.

அவர் செல்லோ மாலைக்குள் திரும்பிவிட்டது. நம் பிள்ளைகளின் செல்லோ நான்காண்டு திரும்புவதில்லை. பள்ளி முழுக்க வாசித்த பெண் பொறியியல் படிக்க விமானம் ஏறுகிறாள். செல்லோவை உள்ளே கொண்டுபோக இன்னொரு இருக்கைக்குச் சீட்டு வாங்க வேண்டும். சரக்கில் போட்டால் கழுத்து முறியுமோ என்ற பயம். விடுதி அறையில் இருவர் கட்டிலுக்கு நடுவே அதை எங்கே சாய்ப்பது? அதனால் அது வீட்டில் அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது. விரல்நுனியில் ஆண்டுக்கணக்கில் காய்த்த காய்ப்பு சில வாரங்களில் கரைந்துபோகிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்றார்களே, பழக்கம் அறுந்த கையை யார் கேட்கிறார்கள்?

பெற்றோர்களுக்கும் சொல்கிறேன். "படிப்பை முடி, அப்புறம் வாசிக்கலாம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை.

மணி அடித்துவிட்டார்கள், தலைவர் பொறுத்தருள வேண்டும். மாணவர் நலத்துறைப் பெருமகனார் அவர்களே, உங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய மண்டபம் அல்ல. இரவல் கொடுக்கச் சில செல்லோக்கள், அவற்றைப் பூட்டி வைக்க ஓர் அறை, வாரத்தில் ஒரு மாலை திறந்திருக்கும் கூடம். தேர்வு வைத்து வடிகட்டாமல், எத்துறை மாணவரும் சேரலாம் என்று, பட்டத்துக்கு ஒரு மதிப்பலகு (கிரெடிட்) சேரும் வகுப்பு. சங்கம் முதல் செல்லோவுக்கான நன்கொடையை இன்றே தொடங்குகிறது.

விண்ணப்பத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.