கோலாவுக்கு எந்த மரம்?

"யூகலிப்டஸ்தானே தின்கிறது? நிறைய நட்டுவிட்டால் போயிற்று!" ஆஸ்திரேலியாவில் மரத்தில் வாழும் விலங்கான கோலாவைக் காப்பது என்றதும் இந்த யோசனைதான் வரும். தைல மரம் போட்ட இடத்தில் எல்லாம் வளர்வதைப் பார்த்த நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் யூகலிப்டஸில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒரு வட்டாரத்துக் கோலா அவற்றில் சிலவற்றை மட்டுமே நம்பி வாழும்.

அந்த இலையில் சத்து குறைவு, நார் அதிகம், நஞ்சும் உண்டு. கோலாவின் பெருங்குடலின் தொடக்கத்தில் ஏறக்குறைய 2 மீட்டர் நீளப் பை இருக்கிறது. அங்கே நுண்ணுயிர்கள்தான் இலையை நொதிக்க வைக்கின்றன. பிறக்கும்போது குட்டியிடம் அவை கிடையாது. ஆறு மாத அளவில் தாய் வெளியேற்றும் கூழ் போன்ற மலத்தைத் தின்றுதான் பெறுகிறது. ஆக, தாய் தின்ற மரத்துக்குப் பழகிய வயிறுதான் குட்டிக்கும்.

விக்டோரியா மாநிலத்தின் ஓட்வே முனையில் 2013 வாக்கில் கோலாக்கள் பெருகி, மேனா கம் என்ற யூகலிப்டஸ் மரங்களை மொட்டையடித்தன. பக்கத்திலேயே மெஸ்மேட் என்ற இன்னொரு யூகலிப்டஸ் இன மரங்கள் பச்சையாக நின்றன. அவற்றைத் தொடாமலே பல கோலாக்கள் பட்டினியில் வாடின. ஏறத்தாழ 700 கோலாக்களைக் கருணைக்கொலை செய்யும்படி ஆயிற்று. பிறகு ஆய்வாளர்கள் மெஸ்மேட் தின்னும் கோலாக்களின் மலத்திலிருந்து நுண்ணுயிர்களை எடுத்து, மாத்திரையாக மற்றவற்றுக்குக் கொடுத்தார்கள். யாருடைய குடலில் நுண்ணுயிர்கள் மாறினவோ அவை மெஸ்மேட்டைக் கூடுதலாகத் தின்றன.

இன்னொரு சங்கடம் மண். வளமான மண்ணில் வளரும் மரத்தில்தான் புரதம் கூடுதல். உழவனும் வீட்டுமனைக்காரனும் தேடுவதும் அதே மண்தான். குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதிக் கோலாக்கள் 2022 பிப்ரவரியில் அருகிவரும் இனப் பட்டியலுக்குப் போனதற்குக் காடழிப்பு முக்கியக் காரணம்.

காடு துண்டானால் மரத்துக்கு மரம் தரையில் நடக்க வேண்டும். அங்கே காரும் நாயும் காத்திருக்கின்றன. சாலையோர வேலியில் நகம் பற்றாத வழுவழுப்பான தகடு வேண்டும். சாலைக்கு அடியில் சுரங்கப் பாதையும், அதனுள்ளே ஏறி நடக்க மரக்கட்டையும் வேண்டும். தவறிச் சாலைப் பக்கம் வந்துவிட்ட கோலா ஏறித் திரும்பிப் போக, வேலியில் சாய்த்த கம்பம் ஒன்று. வேலியில் ஓரிடத்தில் ஓட்டை விட்டால், எல்லாம் அங்கே வந்து சேரும்.

உணவு மரம் மட்டும் போதாது. நீலகிரியில் வேரோடு பிடுங்கப் பாடுபடுகிறோமே, அந்தச் சீகை (வாட்டில்) மரத்தின் உறவுகள் ஆஸ்திரேலியாவில் சொந்த மண்ணில் நிற்கின்றன. வெயிலில் காற்றைவிடக் குளிர்ந்த அந்த அடிமரத்தைக் கட்டிக்கொண்டு கோலா உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும்.

காட்டுத்தீயில் தப்பிய கோலாவுக்குப் பாட்டிலால் வாயில் தண்ணீர் ஊற்றும் காணொளிகள் பரவின. தலையை அண்ணாந்து குடிக்க வைத்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். தட்டில் ஊற்றித் தரையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். குனிந்து தானே குடிக்கும்.