யோங்கனை எந்த வாசல் வழியாகக் கேட்பது?

அவையோர்க்கு வணக்கம். பெல்ஜிய நாட்டு இசையமைப்பாளர் ஜோசப் யோங்கனின் கான்செர்ட்டோக்களையும் (ஒரு தனி வாத்தியம் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) சேம்பர் இசையையும் (சிலர் மட்டும் கூடி வாசிக்கும் இசை) ஒலிப்பதிவுகளின் வழியாக அணுகுவது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அவரை அறிந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே படைப்பின் பெயரைத்தான் சொல்வார்கள்: ஆர்கன் என்ற பெரிய குழல் வாத்தியத்துக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக 1926இல் அவர் எழுதிய 'சிம்ஃபனி கான்செர்டான்ட்'. பெயரில் சிம்ஃபனி இருந்தாலும் அது ஏறக்குறைய ஒரு கான்செர்ட்டோதான். நானும் அந்தப் பெரிய வாசல் வழியாகவே உள்ளே போனேன். ஆனால் இந்த மனிதரின் வீட்டுக்குப் பக்கவாட்டில் சேம்பர் இசை என்ற ஒரு சிறிய கதவு இருக்கிறது என்பதும், அதன் வழியாகப் போனவர்களுக்கே பெரிய கூடத்தின் அமைப்பு சரியாகப் புரியும் என்பதும் சில ஆண்டுகள் கேட்ட பிறகே எனக்குத் தெரிய வந்தது.

யோங்கன் 1873இல் லியேஜ் நகரில் பிறந்தவர். இசையமைப்பாளர் செசார் ஃபிராங்கும் வயலின் மேதை யூஜின் இசாயும் பிறந்த ஊர் அது. ஏழு வயதிலேயே அவ்வூர் இசைக்கல்லூரியில் சேர்க்கப்பட்டார். 1897இல் இளம் இசையமைப்பாளர்களுக்கான பெல்ஜியத்தின் ரோம் பரிசு கிடைக்க, அந்தப் பணத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி என்று சுற்றி வந்தார். அவருடைய இசையில் ஃபிராங்கின் அடர்த்தியும், பின்னாளில் பிரெஞ்சு இசையமைப்பாளர்களான டெபுஸ்ஸி, ரவேல் ஆகியோரின் வெளிச்சமும் தெரியும். இதைக் காட்டி அவரைப் பிரெஞ்சு இசையின் நிழல் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவருடைய நால்வர் குழுப் படைப்புகளில் ஒன்றையாவது முழுதாகக் கேட்டுவிட்டு அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம்.

அவர் வாழ்க்கையில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் 1914. ஜெர்மானியப் படைகள் பெல்ஜியத்துக்குள் நுழைந்ததும், யோங்கன் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அங்கே வயலினுக்கு தெசிரே தெஃபோ, செலோவுக்கு எமில் தூஹார்ட் என்ற இரு பெல்ஜியர்களும், வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுடைய வியோலாவுக்கு ஆங்கிலேயரான லயனல் டெர்டிஸும், பியானோவுக்கு யோங்கனுமாக நால்வர் குழு ஒன்று அமைந்தது. ஊரை விட்டு வந்தவர்கள் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசித்த ஆண்டுகள் அவை. வியோலாவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமான அவருடைய 'சுவீட்' (பகுதிகளின் தொகுப்பு) 1915இல் எழுதப்பட்டது. அதன் முதல் பகுதிக்கு இரங்கல் கவிதை என்றே பெயர். 1918இல் நான்கு தந்தி வாத்தியங்களுக்காக இரண்டு செரனேடுகள் (மாலைநேர இசை என்ற பெயரில் வழங்கும் படைப்புகள்) எழுதினார். ஒன்றுக்கு மென்மையானது என்றும் மற்றதற்கு நாடகத்தன்மையானது என்றும் பெயரிட்டார். போரின் கடைசி ஆண்டில், அயல்நாட்டில் இருந்துகொண்டு ஒருவர் 'மென்மையான செரனேடு' எழுதியிருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால், அந்த மென்மை எவ்வளவு அடக்கி வைக்கப்பட்டது என்று காதுக்குத் தெரியும்.

வியோலாவை அவர் நடத்தும் விதத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நாடு கடப்பதற்கு முன்பே, 1907இல், மூவர் வாசிக்கும் ட்ரியோ ஒன்றை அவர் வயலின், வியோலா, பியானோ என்ற சேர்க்கைக்கு எழுதினார். வழக்கமான பியானோ ட்ரியோவில் செலோ அடிக்குரலைத் தாங்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டால் பியானோ கலைஞரின் இடது கைக்குச் சுமை கூடும். வயலினும் வியோலாவும் நெருக்கமான குரல்களில் அக்கா தங்கை பேசிக்கொள்வதுபோலப் பின்னிக்கொள்ளும். ஒலிப்பதிவில் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். எனக்கு மூன்றாம் முறைதான் பிரிந்து கேட்டது.

1923இல் வந்த 'ஐவருக்கான கான்செர்ட்' புல்லாங்குழல், வயலின், வியோலா, செலோ, ஹார்ப் (யாழ் போன்ற பெரிய தந்தி வாத்தியம்) ஆகியவற்றுக்கானது. இதைத்தான் நான் முதல் பரிந்துரையாக எல்லோருக்கும் சொல்வேன். ஹார்ப்பைப் பலர் அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள். கல்யாணப் பந்தலில் தோரணம் கட்டுவதுபோல. யோங்கன் அதை வேலை வாங்குகிறார். தாளத்தையும் அடிக்குரலையும் அது சுமக்கிறது. சில இடங்களில் ஒரு சிறிய ஆர்க்கெஸ்ட்ராவே வாசிப்பதாகத் தோன்றும்.

இனி அந்தப் பெரிய வாசலுக்கு வருவோம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வானமேக்கர் பல்பொருள் அங்காடியாக இருந்த கட்டடத்துக்குள், ஒரு காலத்தில் ஜவுளியும் நகையும் விற்ற தளங்களுக்கு நடுவே, 28,000க்கும் மேற்பட்ட குழல்களைக் கொண்ட ஆர்கன் ஒன்று இருக்கிறது. அங்காடியின் அன்றைய உரிமையாளர் ராட்மன் வானமேக்கர், அந்த வாத்தியத்துக்காக யோங்கனிடம் ஒரு படைப்பைக் கேட்டார். யோங்கன் எழுதி முடித்தார். ஆனால் பிலடெல்பியா அரங்கேற்றம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 1928 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் அவரே ஆர்கன் வாசிக்க முதல் நிகழ்ச்சி நடந்தது. அடுத்த மாதமே வானமேக்கர் காலமானார். எந்த வாத்தியத்துக்காக எழுதப்பட்டதோ அந்த வாத்தியத்தில் அது ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒலித்தது 2008இல்தான். பீட்டர் ரிச்சர்ட் கான்ட் பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவுடன் வாசித்தார்.

பிரஸ்ஸல்ஸ் அரங்கேற்றத்தில் இசை நடத்தியவர் யார் தெரியுமா? லண்டனில் யோங்கனோடு நால்வர் குழுவில் வயலின் வாசித்த அதே தெசிரே தெஃபோ. இந்த ஒரு செய்தி எனக்குப் பல பக்க விமர்சனங்களைவிடப் பயன்பட்டது. அதன் பிறகு அந்தப் படைப்பைக் கேட்கும்போது, ஆர்கனுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் இடையே நான் அதுவரை எதிர்பார்த்த மல்யுத்தத்தை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பல இடங்களில் ஆர்கன் பின்னால் நின்று மரக்குழல் வாத்தியங்களுக்கு இடம் விடுகிறது. முன்னால் வரவேண்டிய நேரத்தில் மட்டும் வருகிறது. கடைசிப் பகுதியான டொக்காட்டாவில்தான் அதன் விரல்கள் ஓயாமல் ஓடுகின்றன. அங்கேயும் அந்த ஓட்டத்தின் மேல் ஆர்க்கெஸ்ட்ரா தன் மெட்டை ஏற்றி வைக்கிறது.

இதை ஒலிப்பதிவு செய்வது பெரிய பாடு. ஆர்கனை மேடைக்குத் தூக்கிவர முடியாது. அது இருக்கும் கட்டடத்துக்கு ஆர்க்கெஸ்ட்ராதான் போக வேண்டும். அதன் சுருதி அரங்கின் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். மற்ற அத்தனை பேரும் அதற்கேற்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய பதிவுகளில் புகழ்பெற்றது, அமெரிக்க ஆர்கன் கலைஞர் வர்ஜில் ஃபாக்ஸ் பாரிஸில் ஜார்ஜ் பிரேத்ரின் நடத்துதலில் வாசித்தது. அதில் துணிச்சலும் பளபளப்பும் உண்டு. டொக்காட்டா பட்டாசுபோல வெடிக்கும். மைக்கேல் மரே, எடோ டி வார்ட்டின் நடத்துதலில் சான் பிரான்சிஸ்கோவில் வாசித்த டிஜிட்டல் பதிவில், கால்மிதிகளின் அடிக்குரல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முதுகுத்தண்டு வரை வரும். நான் ஃபாக்ஸை ரசிக்கிறேன், மரேயைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மட்டும் எதையும் கேட்காதீர்கள். பாதிப் படைப்பு அதில் இல்லாமலே போய்விடும்.

இளம்வயதில் எழுதிய வயலின் கான்செர்ட்டோவை ஃபிலிப் கிராஃபின், மார்ட்டின் பிராபின்ஸின் நடத்துதலில் ஹைபீரியன் நிறுவனத்துக்குப் பதிவு செய்திருக்கிறார். அதில் ஃபிராங்கின் கை தெரிகிறது. நீளமும் சற்று அதிகம். 1940களில், எழுபது வயதில், போர்க்காலத்தில் எழுதிய பியானோ கான்செர்ட்டோவும் ஹார்ப் கான்செர்ட்டோவும் வேறு தரம்: சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நகரும் இசை. சேம்பர் இசைக்கு சீப்ரே, பவான் ஆகிய பெல்ஜிய நிறுவனங்களின் வெளியீடுகளைத் தேடுங்கள்.

இனி நான் பேசுவதைவிட நீங்கள் கேட்பதே முறை. விளக்கைச் சற்றுக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். 1918இன் 'மென்மையான செரனேடு', நான்கே பேர். வியோலாவின் குரலைப் பின்தொடருங்கள்.