மெல்லிய காற்றை வெயில் என்ன செய்கிறது? செவ்வாயின் ஒரு நாளும் ஓர் ஆண்டும்

[திரையில்: கேல் பள்ளத்தின் காற்றழுத்தக் கோடு, செவ்வாய்க் கோளின் தொடர்ச்சியான மூன்று நாட்கள்]

இந்தக் கோட்டைக் கவனியுங்கள். காலை 7, 8 மணிக்கு உச்சம். அதன்பின் இறக்கம். மாலை 5 மணி வாக்கில் அடிமட்டம். மறுநாளும் அப்படியே. 2012 ஆகஸ்டில் செவ்வாயின் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ரோவர் அளந்தது இது. ஒரே நாளுக்குள் ஏற்ற இறக்கம் 10 சதவீதத்தைத் தாண்டுகிறது.

பூமியில் கடல்மட்ட அழுத்தமான 1013 ஹெக்டோபாஸ்கலில் 10 சதவீதத்தைக் கழித்தால் 912. 1999 ஒடிசா சூப்பர் புயலின் மையத்துக்கு மதிப்பிட்ட அழுத்தமும் 912தான். செவ்வாயில் அத்தகைய சரிவு புயலே இல்லாமல், வெறும் வெயிலால், தினமும் நடக்கிறது.

இத்தனைக்கும் அங்கே வெயில் குறைவு. வளிமண்டல உச்சியில் பூமிக்குச் சதுர மீட்டருக்கு 1361 வாட் கிடைக்கிறது. செவ்வாய்க்குச் சராசரியாக 590 வாட்.

[திரையில்: 610 ÷ 3.71 = 164]

குறைந்த வெயில் இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்தை எப்படி உண்டாக்குகிறது? விடை காற்றின் நிறையில் இருக்கிறது. செவ்வாயின் சராசரித் தரை அழுத்தம் சுமார் 610 பாஸ்கல். அதை அங்குள்ள ஈர்ப்பு முடுக்கம் 3.71 ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே உள்ள மொத்தக் காற்று 164 கிலோ என்று வரும். பூமியில் இதே கணக்குக்கு 10,300 கிலோ. வெயில் 43 சதவீதம் இருக்கிறது, சூடாக வேண்டிய காற்றோ 1.6 சதவீதம்தான்.

95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக உள்ள இந்தக் காற்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் அப்படியே தரைக்கு விட்டுவிடுகிறது. முதலில் சூடாவது தரைதான். கேல் பள்ளத்தில் நண்பகல் தரை பூஜ்ஜியம் டிகிரியை எட்டும், விடியலுக்கு முன் மைனஸ் 80க்கும் கீழே போகும். சூடான தரை காற்றைக் கிளப்புகிறது, அந்தக் கலக்கம் பிற்பகலில் பல கிலோமீட்டர் உயரம்வரை எழும்.

இங்கே ஒரு தவறான விளக்கம் அடிக்கடி வருகிறது: “சூடான காற்று லேசானது, அதனால் அழுத்தம் குறைகிறது.” போதாது. தரையிலுள்ள அழுத்தம் என்பது மேலே நிற்கும் காற்றின் எடை. காற்று எவ்வளவு சூடானாலும், அந்த இடத்தை விட்டு எதுவும் வெளியேறாவிட்டால் எடை மாறாது. நடப்பது வேறு. பகல் பக்கக் காற்று மேல்நோக்கி உப்புகிறது. உப்பிய மேல்பகுதி பக்கவாட்டில் வழிந்து போகிறது. அப்போதுதான் கீழே எடை குறைகிறது. இந்த உப்பல் சூரியனைத் தொடர்ந்து கிழக்கிலிருந்து மேற்காகக் கோளையே சுற்றிவருகிறது. இதற்கு வெப்ப ஓதம் என்று பெயர். கேல் பள்ளத்தின் சரிவுகளில் ஏறி இறங்கும் காற்று அந்த ஏற்ற இறக்கத்தை இன்னும் பெரிதாக்குகிறது.

தூசி கிளம்பினால் கதை மாறும். தூசி வெயிலை உயரத்திலேயே பிடித்துக் காற்றை நேரடியாகச் சூடாக்கும். தரையில் பகல் குளிர்ந்து, இரவு சற்று வெதுவெதுப்பாகும். ஆனால் ஓதம் வலுக்கும். 2018 ஜூன் தூசிப் புயலில் ஆப்பர்சூனிட்டி ரோவரின் சூரியத் தகடுகளுக்கு ஒளி கிடைக்காமல் போய், அது மௌனமானது. அணு மின்கலத்தில் ஓடும் கியூரியாசிட்டி அளவீட்டைத் தொடர்ந்தது.

[திரையில்: வைக்கிங் 1, ஓராண்டுக் காற்றழுத்தம்]

ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வெயிலின் இன்னொரு வேலை தெரியும். வெயிலே படாத துருவ இரவில் தரை மைனஸ் 125 டிகிரிக்கு இறங்கும்போது, காற்றே பனியாக உறைந்து படிகிறது. மொத்த வளிமண்டலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இப்படிப் போய்த் திரும்புகிறது. இப்படி நடக்கும் என்று லேட்டன், முர்ரே என்ற இரு விஞ்ஞானிகள் 1966இல் கணித்தார்கள். 1976இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் அதை அளந்தே காட்டின. தெற்கின் குளிர்காலத்தில் செவ்வாய் சூரியனிலிருந்து மிகத் தொலைவில், மெதுவாக நகர்கிறது. அதனால் அந்தக் குளிர்காலம் நீள்கிறது, அப்போது வரும் அழுத்தச் சரிவுதான் ஆழமானது, வடக்கின் குளிர்காலத்தில் வருவது சிறியது.

இனி வேதியியல். எங்களுக்குப் பிடித்த புதிர் இதுதான். சுமார் 200 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர், கார்பன் டை ஆக்சைடை கார்பன் மோனாக்சைடாகவும் ஆக்சிஜன் அணுவாகவும் உடைக்கிறது. உடைந்த இரண்டும் நேரடியாக மீண்டும் சேர்வது மிக மிக மெதுவாக நடக்கும். அப்படியானால் சில ஆயிரம் ஆண்டுகளிலேயே காற்றில் கார்பன் மோனாக்சைடு குவிந்திருக்க வேண்டும். இருப்பதோ 0.1 சதவீதத்துக்கும் குறைவு!

காப்பாற்றுவது துளியளவு நீராவி. அதையும் வெயில்தான் உடைக்கிறது. கிடைக்கும் ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த துண்டு), கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப உண்டாக்கி, ஒரு ஹைட்ரஜன் அணுவை வெளியே விடும். அந்த ஹைட்ரஜன் ஆக்சிஜனைப் பிடித்து மறுபடி ஹைட்ராக்சிலாக மாறும். தான் தீராமல் வேலையை மட்டும் முடிக்கும் வினையூக்கி. 1972இல் இரு ஆய்வுக் குழுக்கள் இந்த வழியைக் காட்டின.

ஆனால் ஹைட்ரஜனில் ஒரு பங்கு மேலேறி விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. ஆக்சிஜனும் தப்பும், வேறு வழியில். உயரத்தில் மின்னூட்டம் பெற்ற ஆக்சிஜன் மூலக்கூறு ஓர் எலக்ட்ரானைப் பிடித்ததும் இரண்டாக வெடிக்கிறது. சிதறும் அணுவின் வேகம் செவ்வாயின் ஈர்ப்பிலிருந்து விடுபடத் தேவையான வினாடிக்கு 5 கிலோமீட்டரைத் தாண்டினால் அணு திரும்பாது. 2014 முதல் நாசாவின் மேவன் விண்கலம் இந்த இழப்புகளை அளந்தது. அதே ஆண்டு சென்ற மங்கள்யானின் மென்கா கருவி, மேல் வளிமண்டலத்தில் எதிர்பார்த்ததைவிடச் சூடான ஆர்கானைக் கண்டது.

[திரையில்: நாசாவின் கோள் தரவுக் களஞ்சியம், கியூரியாசிட்டி வானிலைக் கோப்புகள்]

தரவை நீங்களே இறக்கிப் பார்க்கலாம், இலவசம். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். நேரத்தை உள்ளூர்ச் சூரிய நேரத்தில் வையுங்கள், ஏனென்றால் செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 வினாடி. பூமி நேரத்தில் வரைந்தால் உச்சம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போகும். வழக்கமான அளவீடு ஒவ்வொரு மணி நேரத்திலும் முதல் ஐந்து நிமிடம் மட்டுமே, அதனால் சிறு தூசிச் சுழல்கள் பல தவறிப்போகும். மூன்றாவதாக, ரோவர் மலையேறுகிறது. 110 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். கியூரியாசிட்டி 600 மீட்டருக்கும் மேல் ஏறிவிட்டது. இதைத் திருத்தாமல் பத்தாண்டுக் கோட்டை வரைந்தால், வளிமண்டலம் கண்முன்னே காலியாவது போலத் தோன்றும்.