கசிவைக் கண்டால் நிறுத்துவது

(மகேந்திரகிரி அடிவாரத்து ஊர் ஒன்றின் கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்து என்னைக் காப்பாற்றிய நூலகர் அவர்களே (வீட்டில் ஏற்கெனவே பதினேழு பொன்னாடைகள் மடித்த மடிப்புக் கலையாமல் இருக்கின்றன), பாலிடெக்னிக் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். ஒலிபெருக்கி அமைத்த தம்பியின் பெயர் அழைப்பிதழில் விடுபட்டிருக்கிறது. அவருக்கும் என் நன்றி.

விண்வெளி ஆராய்ச்சியை நிர்வகிப்பது எப்படி என்று பேசப் பணித்திருக்கிறார்கள். தவறைக் கையாளும் முறை, பணத்தைப் பங்கிடும் முறை, 2020க்குப் பிறகு தனியாரை உள்ளே அழைத்த முறை என மூன்றைப் பற்றிச் சொல்ல நினைத்திருக்கிறேன். முதலாவதைத் தொடங்குமுன் என் பாட்டி அடுப்படியில் நின்று சொல்லும் பழமொழி ஒன்று: "ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி." அடுப்படிக்கு அது பொருந்தும். ராக்கெட்டுக்குப் பொருந்துமா என்று நம் நாடு ஒருமுறை பார்த்துவிட்டது.

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 என்னும் ராக்கெட் புறப்பட இருந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். கடைசி நேரத்தில் கணினி எச்சரித்து நிறுத்தியது; கசிவு தெரிந்தது. உடனிருந்த வல்லுநர்கள் கசிந்தது போகப் போதிய அளவு திரவம் இருப்பில் இருக்கிறது, போகலாம் என்றார்கள். கணினியை மீறி ஏவினார்கள். இரண்டாம் கட்டத்தின் (ராக்கெட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பகுதிகளில் இரண்டாவதன்) கட்டுப்பாட்டு அமைப்புக்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்திருந்ததால், 317 விநாடிகளில் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. ஓட்டைச் சட்டியில் கொழுக்கட்டை வேகவில்லை. அன்று பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொன்னவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் என்பதும், 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது கலாமையே பேச அனுப்பினார் என்பதும் உங்களுக்குத் தெரிந்த கதைகள், நீட்டவில்லை.

நான் நீட்ட விரும்புவது 2013 ஆகஸ்ட் 19. அதற்கு முன் 2010ஆம் ஆண்டில் மட்டும் ஜி.எஸ்.எல்.வி. என்னும் பெரிய ராக்கெட் இரண்டு முறை விழுந்திருந்தது. ஏப்ரல் 15 அன்று நம்முடைய சொந்தக் கிரையோஜெனிக் எஞ்சினின் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுவது) எரிபொருள் பூஸ்டர் பம்ப் நின்றுபோனது. டிசம்பர் 25 அன்று, பக்கவாட்டு எஞ்சின்களுக்குக் கணினியின் கட்டளையைக் கொண்டுசெல்லும் இணைப்பான்கள் பிடுங்கிக்கொண்டன. கேலி கிளம்பிவிட்டது. மூன்று ஆண்டுகள் உழைத்தார்கள். அதோ தெரிகிறதே, இந்த மலையடிவாரத்தில்தான், விண்வெளியைப் போல் காற்றில்லாத சூழலை உண்டாக்கி அந்த எஞ்சினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். திட்ட இயக்குநர் நமக்குப் பக்கத்துக் குமரி மாவட்டத்துச் சிவன். அந்த ஆகஸ்ட் 19 மாலையில் ஏவ வேண்டும். நாடே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருக்கிறது. நானும் உளுந்த வடையோடு உட்கார்ந்திருந்தேன், வடை ஆறிப்போனதுதான் மிச்சம். ஏவுவதற்கு 74 நிமிடங்கள் இருக்கையில் இரண்டாம் கட்டத்திலிருந்து எரிபொருள் கசிவதைக் கண்டார்கள். மேலே இருப்பதோ எரிபொருள் நிரப்பிய கிரையோஜெனிக் கட்டம். கசிவதோ நச்சுத் திரவம். ஏவுதல் நிறுத்தப்பட்டது. எரிபொருளை வடித்தார்கள், ராக்கெட்டைத் தொகுப்புக் கூடத்துக்கே திருப்பி இழுத்துச் சென்றார்கள், இரண்டாம் கட்டத்தைப் புதிதாக மாற்றினார்கள், தொட்டி செய்யும் அலுமினியக் கலவையைக்கூட, விரிசல் விடாத வேறொரு கலவைக்கு மாற்றினார்கள். நான்கரை மாதங்கள் கழித்து, 2014 ஜனவரி 5 அன்று, அது ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது.

இரண்டு ஏவுதலுக்கும் இடையே 34 ஆண்டுகள். முன்னதில் கசிவைப் பார்த்தும் போனார்கள். பின்னதில் பார்த்தவுடன் நின்றார்கள். ஏவுதல் அனுமதிக் குழு, படிப்படியான மதிப்பாய்வுக் கூட்டங்கள், தோல்வி ஆய்வுக் குழு என்று இதற்கான ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆனால் ஏற்பாட்டைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, தம் முடிவு தவறியதைக் கலாமே மேடைக்கு மேடை, மாணவர்கள் முன்னிலையில் சொல்லிக்கொண்டிருந்தது. சட்டி ஓட்டை என்று சமைத்தவரே சொன்னார்.

பணத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன், அது நிற்கட்டும். 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட் தவறியபோது, இரண்டாம் கட்டம் பிரிந்த அதிர்வில் முடுக்கமானிகள் (வேக மாற்றத்தை அளக்கும் கருவிகள்) சில கணங்கள் தடுமாறியதை இஸ்ரோ விளக்கமாக வெளியிட்டது. 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி.-சி61 ராக்கெட் தவறிய நாளிலோ, மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் குறைந்தது என்ற ஒரு வரிதான் நமக்குக் கிடைத்தது. என்னிடம் படித்த மெக்கானிக்கல் மாணவன் ஒருவன் அந்தச் செய்தித்தாளைக் கொண்டுவந்து, "சார், குறைந்தால் எங்கே போயிருக்கும்? ஓட்டையா, எரியவில்லையா?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்குப் பதில் தெரியவில்லை. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி ஏவுதளம் கட்டுகிறோம். அங்கே வால்வைத் திருகப் போகிறவன் இவன்தான்.

ஆகவே ஒவ்வொரு தோல்வி ஆய்வறிக்கையும், பாதுகாப்புக்குரிய பகுதிகளை நீக்கிவிட்டு, குறித்த காலத்துக்குள் பொதுவில் வெளிவர வேண்டும். அது தமிழிலும் வந்து, பாலிடெக்னிக் நூலகங்களிலும் ஐ.டி.ஐ.களிலும் கிடைக்க வேண்டும். இதற்கான விண்ணப்பம் நூலகர் மேசையில் இருக்கிறது. தலைவர் அம்மா முதல் கையெழுத்திட இசைந்திருக்கிறார். தனியாரைப் பற்றிய மூன்றாம் செய்திக்கு இன்னொரு கூட்டம் போட்டால் வருகிறேன். கையெழுத்திடுவோர் அஞ்சல் குறியீட்டு எண்ணை மறக்காமல் எழுதுங்கள். போன முறை பாதிப் பேர் எழுதவில்லை.