அலாய் தர்வாசாவின் வளைவுக்கு அடியில்

நேயர்களுக்கு வணக்கம்.

தில்லிக்குப் போகிறவர்கள் குதுப் மினாரைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 72 மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரம் பக்கத்தில் நிற்கும்போது, அதன் காலடியில் இருக்கும் வாயிலில் கண் நிலைக்காது. முதல் முறை நானும் அதைத் தாண்டிப் போய்விட்டேன். இரண்டாம் முறை அப்பாவோடு போனேன். அவர் கொத்தனார். மினாரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் அரைமணி நேரம் இந்த வாயிலை விட்டு நகரவில்லை.

அலாய் தர்வாசா என்று பெயர். தில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி அங்கிருந்த பழைய மசூதியை விரிவாக்கியபோது, அதன் தெற்கு வாயிலாக 1311இல் எழுப்பியது. அதே ஆண்டில்தான் அவருடைய தளபதி மாலிக் கபூரின் படை மதுரை வரை வந்தது. அந்த நினைவு இல்லாமல் இந்த வாயிலை என்னால் பார்க்க முடிவதில்லை. ஆனாலும் கல்லைச் செதுக்கிய கைகளின் மேல் எனக்குள்ள மரியாதை அதனால் குறையவில்லை.

சதுரமான கட்டடம், மேலே தாழ்வான ஒரு கும்மட்டம். சுவரின் கனம் மட்டும் ஏறத்தாழ 11 அடி. செம்மணற்கல்லுக்கு நடுவே வெள்ளைப் பளிங்குப் பட்டைகள் ஓடுகின்றன. அவற்றில் குர்ஆன் வசனங்களும் சுல்தானின் பட்டங்களும் அரபு எழுத்தில் இருக்கின்றன. மூன்று பக்கம் நுனி கூர்ந்த குதிரை லாட வளைவு. மசூதியைப் பார்த்த வடக்குப் பக்கத்தில் மட்டும் அரைவட்டம். வளைவின் உள்விளிம்பில் வரிசையாகக் கல் மொட்டுகள். ஈட்டி முனை என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அவை விரியக் காத்திருக்கும் தாமரை மொட்டுகள்தான்.

அப்பா மொட்டுகளைப் பார்க்கவில்லை. "கல்லை ஆப்பு மாதிரி சீவியிருக்கான் பாருப்பா. ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டு நிக்குது" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் புரிய வேண்டுமென்றால் அதே வளாகத்தில் இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும். பின்னாளில் சுல்தானான குத்புதீன் ஐபக் 1199இல் மசூதிக்கு முன்னால் எழுப்பிய உயரமான கல்திரை அங்கே நிற்கிறது. அதிலும் வளைவுகள் உண்டு, அழகானவை. ஆனால் கற்கள் படுக்கையாக, ஒன்றைவிட அடுத்தது சற்று முன்னால் நீட்டிக்கொண்டு வருகின்றன. இரண்டு பக்கமும் அப்படி நீண்டு நடுவில் சேர்ந்த பிறகு, விளிம்பைச் செதுக்கி வளைவாக்கியிருக்கிறார்கள். தூணும் உத்தரமும் வைத்தே கட்டிப் பழகிய சிற்பிகளிடம் வளைவு கேட்டால் அப்படித்தான் செய்வார்கள். உருவம் புதிது, வேலை பழையது. 1280களில் கட்டிய, சுல்தான் பல்பனின் சமாதியில்தான் ஆப்புக் கற்களால் ஆன உண்மையான வளைவு தில்லியில் முதலில் தென்படுகிறது. அலாய் தர்வாசாவில் அது கைவந்த வேலையாகிவிட்டது. கும்மட்டமும் அதே முறைதான். சதுர அறையின் நான்கு மூலைகளிலும் வளைவுகளைக் குறுக்கே போட்டு எட்டுப் பட்டையாக்கி, அதன்மேல் வட்டத்தை ஏற்றியிருக்கிறார்கள். மூலையில் நின்று அண்ணாந்தால் வளைவுக்குள் வளைவாக அது மடிந்து போவது தெரியும்.

போனால் உள்ளே கொஞ்ச நேரம் நில்லுங்கள். சல்லடை போலக் குடைந்த கல் ஜன்னல்கள் வழியாக வெயில் வந்து தரையில் துண்டு துண்டாக விழும்.

அப்பா அந்த வெயிலில் நின்றுகொண்டு ஒரு சங்கதி சொன்னார். வளைவு கட்டும்போது அடியில் முட்டுக் கொடுத்துத்தான் கல்லை அடுக்க வேண்டும். கடைசிக் கல் இறங்கும்வரை வளைவுக்குச் சொந்த பலம் கிடையாது. அந்த முட்டுகளைப் பிரிக்கிற அன்றைக்கு அவருடைய மேஸ்திரி வளைவுக்கு நேர் அடியில் போய் நிற்பாராம். சொல்லிவிட்டு மறுபடி மேலே பார்த்தார்.

"இதுக்கு முட்டுப் பிரிச்சப்பவும் அடியில ஒருத்தர் நின்னிருப்பாருல்ல?" என்றார்.