ஆளைக் காட்டாத கணக்கு

கொடைக்கானல் பண்பலை நேயர்களுக்கு வணக்கம். 2024 மே 7 முதல் நம் மலைக்கும் ஊட்டிக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். மலை எத்தனை வண்டி தாங்கும் என்று கணக்குப் பார்க்க, சென்னை உயர் நீதிமன்றம் செய்யச் சொன்ன ஏற்பாடு. வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் தங்கல் எல்லாம் பதிவாகிவிடும். சரி, வருவது யாரென்றே தெரியக்கூடாது, கணக்கு மட்டும் வேண்டும் என்றால் என்ன செய்வது?

இணையத்தில் ஆளை மறைத்து உலவ உதவும் 'டோர்' வலையமைப்புக்கு அதுதான் தலைவலி. அதில் நீங்கள் அனுப்பும் தகவல் மூன்று கணினிகளைத் தாண்டிப் போகிறது. முதல் கணினிக்கு உங்களைத் தெரியும், போகிற இடம் தெரியாது. கடைசிக் கணினிக்கு இடம் தெரியும், உங்களைத் தெரியாது.

எவ்வளவு தகவல் ஓடுகிறது என்பதை அறிவது எளிது. ஒவ்வொரு கணினியும் தான் கடத்திய அளவை அறிவிக்கிறது. ஒரே சரக்கு மூன்று இடத்தில் எண்ணப்படுவதை மட்டும் மறக்கக்கூடாது.

ஆட்களை எண்ணுவதுதான் பெரும்பாடு. பயனர் மென்பொருள் அவ்வப்போது கணினிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கும். ஒருவர் நாளைக்குப் பத்து முறை கேட்பார் என்று வைத்துக்கொண்டு, வந்த கோரிக்கைகளைப் பத்தால் வகுக்கிறார்கள். இப்படித் தினமும் சுமார் 20 லட்சம் பேர் என்று கணக்கு வந்துகொண்டிருந்தது. 2018-இல் ஆய்வாளர்கள் வேறு முறையில் அளந்தபோது 80 லட்சம் வந்தது! ஏற்ற இறக்கத்தை நம்பலாம், எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை என்பது என் கருத்து. ஏற்றத்திலும் கண்ணி உண்டு. 2013 ஆகஸ்டில் பயனர் எண்ணிக்கை திடீரென்று பல மடங்கானது. வந்தவர்கள் மனிதர்கள் அல்ல. கிருமி மென்பொருள் புகுந்த கணினிகள்.

டோர் வழியாக மட்டுமே எட்டக்கூடிய 'மறைவுத் தளங்கள்' உண்டு. அவற்றில் தளம், பார்க்க வருபவர் என இரு தரப்பும் ஒளிந்தே இருக்கின்றன. நடுவில் ஒரு கணினியில் சந்திக்கின்றன. அந்தக் கணினி தான் பார்த்த அளவை அப்படியே சொல்லாது. வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்துதான் வெளியிடும். பல கணினிகளின் கணக்கைச் சேர்க்கும்போது பிழைகள் பெரும்பாலும் அடிபட்டுப் போகும்; ஆள் மட்டும் சிக்கமாட்டார். 2015-இல் இப்படி அளந்தபோது, மறைவுத் தளங்களின் பங்கு மொத்தத்தில் நூற்றுக்கு நான்குகூட இல்லை. 'இருள் இணையம்' என்று பயமுறுத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

பிழை எதற்கு என்கிறீர்களா? 2014-இல் சிலர் தங்கள் கணினிகளை இந்த வலையில் நுழைத்து, மறைவுத் தளங்களுக்குப் போகிறவர்களை அடையாளம் காண முயன்றார்கள். கண்டுபிடித்து நீக்குவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. 2021-இல் மறைவுத் தளங்களின் பழைய வகை முகவரிகளையே நிறுத்திவிட்டார்கள். புதிய வகையில், தள விவரத்தைத் தாங்கி நிற்கும் கணினிக்கே அது எந்தத் தளத்துக்குரியது என்று தெரியாது. அப்படியும் தோராயக் கணக்கு ஒன்று வெளிவந்துகொண்டுதான் இருக்கிறது.