தடைக்காலத்தில் ஃபயர்வாலையும் கரையேற்றுவோம்: எஸ்எஸ்டிக்கு டிரிம் இயக்குவது எப்படி

[காட்சி: மண்டபம் கடற்கரை. மணலில் ஏற்றி நிறுத்திய விசைப்படகின் அடிப்பலகையை இரண்டு பேர் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள்.]

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள். தொழில் நடக்கிற நாளில் அதற்கெல்லாம் நேரம் ஏது?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன் கம்பெனிகளுக்கும் ஐஸ் பிளாண்ட்களுக்கும் சில லாட்ஜ்களுக்கும் நான் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். எனக்கும் பழுது பார்க்கும் காலம் அதுதான். கம்பெனி ஓய்ந்திருக்கும்போது நெட்டை அரை மணி நேரம் நிறுத்தினால் யாரும் கோபப்பட மாட்டார்கள். அந்த அரை மணி நேரத்தில், நெட்டில் வருவதையும் போவதையும் காவல் காக்கும் ஃபயர்வால் பெட்டிக்குள் இருக்கிற எஸ்எஸ்டிக்கு, அதாவது ஃபிளாஷ் டிஸ்க்குக்கு, செய்ய வேண்டிய டிரிம் என்ற வேலையைத்தான் இன்று காட்டப்போகிறேன். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் என்ற இரண்டு ஃபயர்வால் மென்பொருளுக்கும் பொருந்தும். இரண்டுமே ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுபவை.

[காட்சி: அலமாரி மேல் மோடத்துக்குப் பக்கத்தில் கறுப்பு நிறச் சின்னப் பெட்டி. தூசி படிந்திருக்கிறது.]

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை நானே பட்டிருக்கிறேன். ஒரு மீன் கம்பெனி. ராத்திரி பத்து மணிக்கு அங்கே கணக்குப் பார்க்கும் அண்ணன் போன் செய்தார். "தம்பி, நெட்டு வருது, போகுது. கொச்சிக்குப் போற வண்டி வாசல்ல நிக்கிது. பில்லு வர மாட்டேங்குது." போய்ப் பார்த்தால், ஃபயர்வாலின் பக்கம் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. மானிட்டரை மாட்டினேன். வரிசையாக ஒரே செய்தி: டிஸ்க்கின் பெயர், பக்கத்தில் "கமாண்ட் டைம்அவுட்". டிஸ்க்குக்கு எழுதச் சொல்லிக் கட்டளை போகிறது, பதில் வரவில்லை.

அது 16 ஜிபி மலிவு எஸ்எஸ்டி. மூன்று வருடமாகப் பதிவுகளை எழுதி எழுதித் தேய்ந்திருந்தது. டிரிம் ஓடியதே இல்லை. டிரிம் இல்லாததுதான் ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். டிஸ்க் சின்னது, தரமும் குறைவு, கரண்டும் அடிக்கடி போகும். ஆனால் கான்ஃபிக், அதாவது அமைப்புகளை, பேக்கப் எடுத்து வைக்காதது முழுக்க என் தப்பு. விதிகள், விபிஎன், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒதுக்கிய ஐபி முகவரி, எல்லாவற்றையும் நினைவிலிருந்து மறுபடி போட்டு முடிக்க விடிந்துவிட்டது. வண்டி மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. மீன் காத்திருக்காது.

[காட்சி: கருவாட்டுக் களம். பாயில் பரப்பிய மீன்.]

சரி, டிரிம் என்றால் என்ன? கருவாட்டுக் களத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும்.

எஸ்எஸ்டிக்குள் இருப்பது நாண்ட் ஃபிளாஷ் என்ற நினைவகச் சில்லு. இதில் எழுதுவது சின்னச் சின்னப் பக்கங்களாக, சில கிலோபைட் அளவில் நடக்கும். அழிப்பதோ அப்படி முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். அழிக்காமல் அதே இடத்தில் மறுபடி எழுதவும் முடியாது.

பாய் அப்படித்தான். மீனை ஒவ்வொன்றாகப் பரப்பலாம். பாயைக் கழுவ வேண்டுமென்றால் ஒரு மூலையை மட்டும் கழுவ முடியாது. மேலே இருக்கிற நல்ல மீனை எல்லாம் வேறு பாய்க்கு மாற்றிவிட்டு, முழுப் பாயையும் உதறிக் கழுவ வேண்டும். எஸ்எஸ்டி கன்ட்ரோலரும் இதைத்தான் ஓய்வு நேரத்தில் செய்கிறது. தேவையான பக்கங்களை வேறு பிளாக்குக்கு நகர்த்திவிட்டு, பழைய பிளாக்கை அழித்துக் காலியாக வைக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பாயில் இருக்கிற மீனில் பாதி கெட்டுவிட்டது. முதலாளி கணக்கு நோட்டில் அதைக் கழித்து எழுதிவிட்டார். களத்தில் வேலை செய்யும் அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் அந்தக் கெட்ட மீனையும் பத்திரமாகப் பொறுக்கி, அடுத்த பாய்க்கு மாற்றுவார். மறுநாள் அதற்கடுத்த பாய்க்கு. வேலையும் வீண், பாயும் வீண்.

நீங்கள் ஒரு ஃபைலை அழிக்கும்போது நடப்பது அதேதான். ஃபைல் சிஸ்டம் தன் கணக்கில் "இந்த இடம் காலி" என்று எழுதிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அது தெரியாது. அதனால் அழித்த பதிவையும் பிளாக் பிளாக்காகச் சுமந்துகொண்டே இருக்கும். "அந்த மீன் வேண்டாம், விட்டுவிடு" என்று களத்துக்குச் சொல்லி அனுப்புவதுதான் டிரிம். நகர்த்துவது குறைந்தால் எழுதுவது குறையும், எழுதுவது குறைந்தால் தேய்மானம் குறையும். ஒவ்வொரு ஃபிளாஷ் செல்லையும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஓர் எல்லை உண்டு. ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையில் அது பொதுவாக ஆயிரத்திலிருந்து மூவாயிரம் முறை வரை.

ஃபயர்வாலில் இது ஏன் முக்கியம்? பெரிய ஃபைல் எதையும் அதில் வைப்பதில்லையே என்று நினைப்பீர்கள். ஆனால் அது பதிவுகளை இருபத்துநான்கு மணி நேரமும் எழுதுகிறது, பழையதை அழிக்கிறது. வரைபடத்துக்கான புள்ளிகள், கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியின் விவரங்கள் எல்லாம் டிஸ்க்குக்குத்தான் போகின்றன. தாக்குதலைக் கண்டுபிடிக்கும் சுரிகாட்டாவோ, நெட் போக்குவரத்தைக் கணக்கெடுக்கும் என்டாப்என்ஜியோ போட்டிருந்தால் இன்னும் பல மடங்கு.

[திரை: பிஎஃப்சென்ஸ் முகப்பு. டயக்னாஸ்டிக்ஸ் மெனு திறக்கிறது.]

வேலைக்கு வருவோம். முதலில் பேக்கப். டயக்னாஸ்டிக்ஸ், அதற்குள் பேக்கப் அண்ட் ரீஸ்டோர். ஃபைலை இறக்கி உங்கள் லேப்டாப்பில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, உங்கள் பெட்டியில் இருக்கும் ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ்ஸா, யூஎஃப்எஸ்ஸா என்று பாருங்கள். கன்சோலில், அதாவது பெட்டியில் மாட்டிய மானிட்டரில் வரும் மெனுவில், 8 அழுத்தினால் கட்டளை அடிக்கும் ஷெல் வரும். "மவுன்ட்" என்று அடியுங்கள். முதல் வரியிலேயே அடைப்புக்குள் இசட்எஃப்எஸ் அல்லது யூஎஃப்எஸ் என்று இருக்கும். வழி இங்கேதான் பிரிகிறது.

இசட்எஃப்எஸ் என்றால் வேலை சுலபம். "இசட்பூல் லிஸ்ட்" அடித்து பூலின், அதாவது இசட்எஃப்எஸ் தன் டிஸ்க் இடத்தை வைத்திருக்கும் தொகுப்பின், பெயரைப் பாருங்கள். பிஎஃப்சென்ஸின் புதிய பதிப்புகளில் பூலின் பெயரும் பிஎஃப்சென்ஸ்தான், எஸ் மட்டும் பெரிய எழுத்து. ஓபிஎன்சென்ஸில் இசட்ரூட். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் கட்டளை ஏற்காது.

இப்போது "இசட்பூல் ஸ்டேட்டஸ்", ஓர் இடைவெளி, ஹைஃபன், சின்ன டி (டிரிம்மின் முதல் எழுத்து).

[திரை: டிஸ்க் பெயர் இருக்கும் வரி மட்டும் பெரிதாகிறது. வரியின் கடைசியில் அடைப்புக்குறி.]

அந்த அடைப்பைக் கவனியுங்கள். இந்தப் பெட்டியில் "அன்ட்ரிம்டு" என்று இருக்கிறது. அதாவது இதுவரை ஒருமுறைகூட டிரிம் செய்ததில்லை. "டிரிம் அன்சப்போர்ட்டட்" என்று வந்தால், டிஸ்க்கோ அதற்கு முன்னால் இருக்கிற கன்ட்ரோலரோ கட்டளையை ஏற்கவில்லை என்று பொருள். யூஎஸ்பி வழியாக மாட்டிய டிஸ்க்குகளில் இதை அதிகம் பார்க்கலாம். அப்படியென்றால் நேரடியாக மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள்.

"இசட்பூல் டிரிம்", பிறகு பூல் பெயர். அவ்வளவுதான். நெட்டை நிறுத்த வேண்டாம், பின்னணியில் ஓடும். கொஞ்சம் மந்தமாகலாம், அதனால் ராத்திரியில் செய்வது நல்லது.

தானாகவே நடக்க "ஆட்டோடிரிம்" என்ற வசதி உண்டு. "இசட்பூல் செட் ஆட்டோடிரிம் சமக்குறி ஆன்", பிறகு பூல் பெயர். ஒருமுறை வைத்தால் பூலிலேயே நிற்கும், ரீபூட் செய்தாலும் போகாது. ஆனால் நான் எல்லாப் பெட்டியிலும் இதைப் போடுவதில்லை. ஆட்டோடிரிம் ஓயாமல் டிஸ்க்குக்குக் கட்டளை அனுப்பும், அது மலிவு டிஸ்க்குக்குப் பாரம். இசட்எஃப்எஸ்ஸின் கையேடே, சாதாரண டிஸ்க்குகளுக்கு அவ்வப்போது கையால் டிரிம் செய்தாலே பெரும்பாலான பலன் கிடைக்கும் என்கிறது. அதனால் நல்ல டிஸ்க்காக இருந்தால் ஆட்டோடிரிம். மற்றதற்கு, கிரான் என்ற நேர அட்டவணை வழியாக மாதம் ஒருமுறை முழு டிரிம். கரையோரத்துப் பெட்டிகளில் நான் வைத்திருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

[திரை: யூஎஃப்எஸ் பெட்டி. மானிட்டரும் கீபோர்டும் நேரடியாக மாட்டியிருக்கிறது.]

யூஎஃப்எஸ் கொஞ்சம் பொறுமை கேட்கும். முதலில் நிலவரம்: "ட்யூன்எஃப்எஸ் ஹைஃபன் பி" (பிரிண்ட்டில் வரும் சின்ன பி), இடைவெளி, சாய்கோடு. வரும் பட்டியலில் "டிரிம்" என்ற வரி இருக்கும். "எனேபிள்டு" என்றால் இதற்கு மேல் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

"டிஸேபிள்டு" என்றால் மாற்ற வேண்டும். ஓடுகிற ஃபைல் சிஸ்டத்தில் இதை மாற்ற விடாது. படகு தண்ணீரில் நிற்கும்போது அடிப்பலகையை மாற்ற முடியாதது மாதிரி. ரீபூட் செய்து, பூட் மெனுவில் சிங்கிள் யூசர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஷெல்லின் பாதையைக் கேட்டால் என்டர் மட்டும் போதும். இந்த நிலையில் டிஸ்க் படிப்பதற்கு மட்டும் திறந்திருக்கும், நெட்வொர்க் இருக்காது. அதனால் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு தனுஷ்கோடிப் பக்கத்துப் பெட்டியில் இதைத் தொடங்கினால், அப்புறம் ஐந்து மணி பஸ் பிடிக்க வேண்டியதுதான்.

முதலில் ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்க, "எஃப்எஸ்சிகே ஹைஃபன் ஒய்", இடைவெளி, சாய்கோடு. பிழை எதுவும் இல்லை என்று வரும்வரை திரும்ப ஓட்டுங்கள். பிறகு "ட்யூன்எஃப்எஸ் ஹைஃபன் டி எனேபிள்" (இதுவும் டிரிம்மின் சின்ன டி), இடைவெளி, சாய்கோடு. டிரிம் அமைந்துவிட்டது என்று ஒரு வரி வரும்.

ஒன்று கவனியுங்கள். இது இனிமேல் அழிக்கிற ஃபைல்களுக்குத்தான் பொருந்தும். மூன்று வருடமாகச் சேர்ந்த கெட்ட மீன் பாயிலேயே கிடக்கும். அதையும் சொல்லி அனுப்ப, அதே சிங்கிள் யூசரில் "எஃப்எஸ்சிகே அடிக்கோடு எஃப்எஃப்எஸ்", இடைவெளி, ஹைஃபன், பெரிய இ, இடைவெளி, சாய்கோடு. காலியாகக் கிடக்கும் இடம் முழுவதையும் டிஸ்க்குக்குத் தெரிவிக்கும். பலரும் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். பழைய பெட்டிக்கு உண்மையான நிம்மதி இதில்தான் கிடைக்கிறது. முடிந்ததும் ரீபூட்.

எழுதுவதையே குறைக்க ஒரு வழியும் இருக்கிறது. பிஎஃப்சென்ஸில் சிஸ்டம், அட்வான்ஸ்டு, மிஸலேனியஸ் பக்கத்தில் ராம் டிஸ்க் அமைப்பு உண்டு. பதிவுகள் நினைவகத்துக்குப் போகும். ஆனால் கரண்ட் போனால் பதிவும் போகும். யூபிஎஸ் இல்லாத இடத்தில் நான் இதை வைப்பதில்லை. சுரிகாட்டா மாதிரி பெரிய பேக்கேஜ் இருந்தாலும் வேண்டாம்.

[காட்சி: பாம்பன் பாலம். கம்பித் தடுப்பில் துரு.]

உப்புக்காற்றைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இரும்பு எவ்வளவு வேகத்தில் அரிக்கும் என்று சோதிக்கவே காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட காற்று இது. டிரிம் அதற்கு மருந்து ஆகாது. விசிறி இல்லாத, மூடிய பெட்டியாக வாங்குங்கள். ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். வருடம் ஒருமுறை திறந்து, சாட்டா கனெக்டரின் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

டயக்னாஸ்டிக்ஸில், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பக்கத்தையும் அப்படியே பார்த்துவிடுங்கள். என்விஎம்இ வகை டிஸ்க்கில் "பர்சென்டேஜ் யூஸ்டு" என்ற எண், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லும். சாட்டாவில் கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். தேய்மானத்தைக் குறிக்கும் "வேர்" என்ற ஆங்கிலச் சொல் வருகிற வரியைத் தேடுங்கள். அந்த எண்ணைத் தேதியோடு பெட்டியின் மேலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுவது என் வழக்கம். அடுத்த தடைக்காலத்தில் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

[திரை: அந்த மீன் கம்பெனியின் புதிய பெட்டி. கட்டளை மறுபடி ஓடுகிறது.]

இது அந்த அண்ணனின் கம்பெனிப் பெட்டிதான். டிஸ்க்கை மாற்றி இசட்எஃப்எஸ் போட்டிருக்கிறோம். வரியின் கடைசி அடைப்பைப் பாருங்கள்: "100% டிரிம்டு", பக்கத்தில் முடிந்த தேதி, ஜூன் 12. இன்னும் இரண்டு நாளில் தடை முடிகிறது. வெளியே ஐஸ் உடைக்கும் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கிற சத்தம் கேட்கிறது.